டிசம்பர் விடுமுறையில் தொண்டூழியம், நன்கொடை: சிங்கப்பூரில் முதன்முறையாகத் தொடங்குவோருக்கு

நவம்பர் நடுவில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும்: “இந்த வருஷமாவது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய் உதவி செய்யணும்.” நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கே போவது, யாரைக் கேட்பது, பணமா பொருளா என்று யோசித்துக்கொண்டே இருந்தால் ஜனவரி வந்துவிடும். அப்படி யோசனையிலேயே நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உதவ வருபவர்கள் அதிகம். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரே தாதிமை இல்லத்துக்குப் பல குழுக்கள் பாட வருவதுண்டு. ஜனவரி, பிப்ரவரியில் அதே இல்லத்தில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்காது. அதனால் டிசம்பரில் தொடங்குங்கள், ஆனால் அதற்குப் பிறகும் போவது என்ற முடிவோடு தொடங்குங்கள். கீழே சொல்லும் எல்லாமே அந்த எண்ணத்தில் எழுதியவைதான்.

படி 1: உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? எவ்வளவு பணம் கொடுத்தால் வீட்டுச் செலவில் இடிக்காது? இந்த இரண்டையும் எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். மூன்றாவதாக ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதில்லை: என் தமிழ் யாருக்காவது பயன்படுமா?

பயன்படும், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே. மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழிகள் விலகிப்போய், சிறுவயதில் பேசிய மொழி மட்டும் மிஞ்சுவது பலருக்கு நேர்கிறது. இத்தனை ஆண்டுகள் ஆங்கிலமும் மலாயும் பேசிய ஒரு பாட்டி, ஒரு கட்டத்தில் தமிழில் மட்டுமே பதில் சொல்லத் தொடங்கலாம். தாதியர் எவ்வளவு அன்பாக இருந்தாலும், “சாப்டீங்களா பாட்டி?” என்று கேட்க அந்தத் தளத்தில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். ஈசூனில் உள்ள ஸ்ரீ நாராயண மிஷன் இல்லத்தைப் பல தமிழர்களுக்குத் தெரியும். 1948ல் தொடங்கிய அமைப்பு அது, எல்லா இனத்தவரையும் பராமரிக்கிறது. அங்கு மட்டுமில்லை, உங்கள் வட்டாரத்தில் இருக்கும் எந்தத் தாதிமை இல்லத்திலும், “தமிழ் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்களா, அவர்களோடு பேச ஆள் வேண்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசத் தனித் திறமை எதுவும் தேவையில்லை.

லிட்டில் இந்தியாவில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் நடத்திவரும் கஃப் ரோடு திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வேலையிடத்தில் அடிபட்டு, அல்லது சம்பளப் பிரச்சினையில் மாட்டி, வேலை செய்ய முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு அங்கே இலவச உணவு கிடைக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொந்த மொழியில் சொல்ல முடிவது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

படி 2: அமைப்பைச் சரிபாருங்கள்

பண்டிகைக் காலத்தில் வாட்ஸ்அப்பில் உருக்கமான படங்களோடு நன்கொடைக் கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். பணம் அனுப்பும் முன் செய்ய வேண்டியது எளிது. அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலுக்கு (சேரிட்டி போர்ட்டல்) போய் அமைப்பின் பெயரைத் தேடுங்கள். பதிவு பெற்றதா, அதற்கு ஐபிசி தகுதி (பொதுநலத் தன்மை கொண்ட அமைப்பு என்ற அங்கீகாரம்) இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். வரிக்கழிவுக்கு இந்த ஐபிசி தகுதி தேவை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று தோன்றலாம். 2005ல் நன்கொடைப் பணம் தவறாகக் கையாளப்பட்டது தெரியவந்து தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்தபோது மக்கள் எவ்வளவு மனம் உடைந்தார்கள் என்பது அந்தக் காலத்தில் இங்கு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு அறநிறுவனங்களுக்கான விதிகள் கடுமையாயின. நிதி திரட்ட ஆகும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஆகவே கணக்கைக் கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல அமைப்புகள் ஆண்டறிக்கையை அவையாகவே வெளியிடுகின்றன.

பேநவ் மூலம் அனுப்பும்போது, அமைப்பின் சொந்த இணையத்தளத்தில் உள்ள யூஇஎன் எண்ணையே (அமைப்பின் பதிவு எண்) பயன்படுத்துங்கள். திரையில் வரும் பெயர் அமைப்பின் பெயராக இருக்க வேண்டும். தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழையுங்கள். வீவக வீட்டுக் கதவைத் தட்டி நன்கொடை கேட்பவரிடம் அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லலாம். உண்மையானவர் கோபப்பட மாட்டார்.

படி 3: பதிவு செய்யுங்கள்

ஆரம்பிப்பவர்களுக்கு மிக எளிய வாசல் கிவிங்.எஸ்ஜி. தேசியத் தொண்டூழிய, கொடை நிலையம் (என்விபிசி) நடத்தும் தேசியத் தளம் இது. நன்கொடை, தொண்டூழியம் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும். சிங்பாஸ் கொண்டு கணக்கு தொடங்கிவிட்டு, தொண்டூழியப் பக்கத்தில் தேதி, இடம், உதவி பெறுவோர் யார் என்று வடிகட்டித் தேடுங்கள். விவரத்தை முழுவதும் படியுங்கள். வயது வரம்பு, எத்தனை முறை வர வேண்டும், முன்பயிற்சி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் வயது வரம்பை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதல்முறை என்றால் ஜாலான் ஊபியில் இருக்கும் வில்லிங் ஹார்ட்ஸ் சமையல்கூடத்தைச் சொல்வேன். ஆண்டின் 365 நாளும் அங்கே அடுப்பு எரிகிறது. நாளுக்குப் பல ஆயிரம் பேருக்கு உணவு போகிறது. இதைத் தொடங்கிய டோனி டேக்கு 2017ல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. காய் நறுக்குவது, பொட்டலம் கட்டுவது போன்ற வேலைகளில் கூச்ச சுபாவம் உள்ளவர்களும் சுலபமாகக் கலந்துவிடலாம். பேச்சே தேவையில்லை, கை ஓடினால் போதும்.

டிசம்பருக்கே உரியவையும் உண்டு. ஆர்ச்சர்ட் சாலையில் மணியோசை கேட்டால், அது சால்வேஷன் ஆர்மியின் நன்கொடைக் கெண்டி. பக்கத்தில் நின்று மணியடிப்பவர்களில் பலர் தொண்டூழியர்கள். பாய்ஸ் பிரிகேட் 1988 முதல் நடத்தும் ஷேர்-எ-கிஃப்ட் திட்டத்தில் வசதி குறைந்த வீடுகளுக்கு அன்பளிப்புக் கூடைகள் போகின்றன. இவற்றுக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். டிசம்பர் இருபதாம் தேதி தேடத் தொடங்கினால் கிடைப்பது கஷ்டம்.

படி 4: பொருள் கொடுப்பதானால், கேட்டுவிட்டு வாங்குங்கள்

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பெரும்பாலான நேரத்தில் பொருளைவிடப் பணமே மேல். அமைப்பு மொத்தமாக வாங்கும்போது நம் பத்து வெள்ளி இன்னும் கொஞ்ச தூரம் போகும், தேவையானதும் சரியாகக் கிடைக்கும்.

ஆனாலும் பிள்ளைகளோடு கடைக்குப் போய், “இது அந்த வீட்டுக்கு” என்று ஒன்றை எடுத்து வைப்பதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. செய்வதைச் சரியாகச் செய்யுங்கள். முதலில் அமைப்பை அழைத்து என்ன குறைகிறது என்று கேளுங்கள். மீ கோரெங் பாக்கெட்டும் பிஸ்கட்டும் நிறைய வந்திருக்கும். பெரியவர்களுக்கான டயபரோ, பால்மாவோ, சமையல் எண்ணெயோதான் தேவையாக இருக்கும். மலாய்க் குடும்பங்களுக்குப் போகும் பையில் ஹலால் முத்திரை உள்ளதை மட்டும் போடுங்கள். தனியாக இருக்கும் முதியவருக்கு 10 கிலோ அரிசி மூட்டை தூக்கவே முடியாத பாரம். சின்னப் பையாக வாங்குங்கள். காலாவதித் தேதி சில மாதங்களாவது தள்ளி இருக்கட்டும்.

பழைய துணி கொடுப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அக்காவுக்குக் கொடுப்பீர்களா? கொடுக்க மாட்டீர்கள் என்றால் அந்தப் பையில் வைக்காதீர்கள்.

படி 5: பணம் கொடுப்பதானால், டிசம்பர் 31க்குள் கொடுங்கள்

ஐபிசி தகுதி பெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. இந்தச் சலுகைக்குக் காலவரம்பு உண்டு, அது பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கணக்கு இப்படி: நீங்கள் 1,000 வெள்ளி கொடுத்தால், வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து 2,500 வெள்ளி கழிக்கப்படும். உங்கள் வருமானத்தின் மேல்பகுதிக்கு 7 விழுக்காடு வரி என்றால், 175 வெள்ளி மிச்சம். அந்த 175ஐயும் சேர்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

நன்கொடை தரும்போது அடையாள அட்டை எண்ணை அல்லது (வெளிநாட்டவரானால்) ஃபின் எண்ணைத் தவறாமல் கொடுங்கள். அமைப்பே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு விவரம் அனுப்பிவிடும். ரசீதைத் தேடி அலைய வேண்டாம். கோயில் உண்டியலில் போடுவதும், ஊரில் உள்ள இல்லத்துக்கு அனுப்புவதும் இந்தக் கழிவில் பொதுவாக வராது. அதற்காக அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை.

எந்த அமைப்பு என்று முடிவு செய்ய முடியவில்லையா? 1983ல் தொடங்கிய சமூக உண்டி (கம்யூனிட்டி செஸ்ட்) ஒரு நல்ல வழி. நிதி திரட்டும் செலவை டோட் வாரியம் (டோட் போர்டு) ஏற்றுக்கொள்வதால், நீங்கள் தரும் தொகை முழுவதும் அது ஆதரிக்கும் சேவைகளுக்குப் போய்ச் சேர்கிறது.

சம்பளச் சீட்டில் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) என்று ஒரு வரி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சம்பளத்துக்கு ஏற்ப மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை போகிறது. 1991ல் அமைந்த சிண்டா அதைக் கொண்டு நம் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளையும் குடும்ப உதவிகளையும் நடத்துகிறது. ஆக, நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அடுத்து நேரமும் கொடுக்கலாம்.

படி 6: முதல் நாள்

மூடிய காலணி, எளிய உடை, தண்ணீர் பாட்டில், அடையாள அட்டை. இது மழைக்காலம், குடை மறக்க வேண்டாம். சளி, இருமல் இருந்தால் முதியோர் இல்லத்துக்குப் போகவே கூடாது. ஆனால் வரவில்லை என்று சொல்லாமலும் இருக்கக்கூடாது. ஒருவர் வராவிட்டால் ஏதோ ஒரு மாடியில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் தாமதமாகும்.

பெரியவர்களைப் பேர் சொல்லி அழைக்காதீர்கள். நம்மவர்களுக்குத் தாத்தா, பாட்டி, ஐயா, அம்மா. சீனப் பெரியவர்களுக்கு “ஆ கோங்”, “ஆ மா” என்றால் முகம் மலரும். புகைப்படம் எடுக்கும் முன் அமைப்பிடமும் அவரிடமும் அனுமதி கேளுங்கள். ஓரறை வாடகை வீட்டு வாசலில் பை வாங்கும் கைகளைப் படம் பிடித்துப் போடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வாங்குபவருக்கும் அக்கம்பக்கம் உண்டு, அவர் பிள்ளைகளுக்கும் பள்ளி நண்பர்கள் உண்டு.

படி 7: கிளம்பும் முன் அடுத்த தேதியைக் கொடுங்கள்

வேலை முடிந்ததும் ஒருங்கிணைப்பாளரிடம் போய், “ஜனவரியில் எப்போது ஆள் குறைவு?” என்று கேளுங்கள். பெரும்பாலும் உடனே பதில் வரும். பொங்கல், தைப்பூசம் என்று நமக்கும் வேலை இருக்கும், அதையும் பார்த்து, மாதம் ஒரு நாள் என்று உறுதி சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவதைவிட இது நல்லது.

சீனப் புத்தாண்டின் இரண்டு விடுமுறை நாட்களையும் கேட்டு வையுங்கள். வழக்கமாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் சீனத் தொண்டூழியர்கள் அன்று குடும்பத்தோடு இருப்பார்கள். கடைகளும் நிறைய மூடியிருக்கும். நமக்கோ அன்று விடுமுறை, வீட்டில் விசேஷமும் இல்லை. “அந்த இரண்டு நாளும் நாங்கள் வருகிறோம், தீபாவளிக்கு மட்டும் எங்களை விட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு, பட்டியலில் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.