மீன் தொட்டிக்கு மேல் சுவரில் லைட் ஹூட்: எங்கே சறுக்குகிறோம்?

மூன்றடித் தொட்டிக்கு மேல், தொட்டியைத் தொடாமல் சுவரிலேயே நிற்கிற மாதிரி ஒரு லைட் ஹூட், அதாவது விளக்குப் பெட்டி, வேண்டும் என்று ஆசாரியிடம் சொன்னால், அவர் மனதில் ஓடுவது டிவி ஸ்டாண்டுதான். என்ன மைக்கா, ஓரத்துக்கு என்ன பீடிங் என்று பேச்சு போகும். நாமும் தலையாட்டுவோம். ஆனால் இது அலமாரி இல்லை, தண்ணீருக்கு மேல் தொங்கப்போகும் மின்சாரச் சாமான்.

நான் செய்த முதல் ஹூட் ஆறே மாதத்தில் தலை கவிழ ஆரம்பித்தது. அதன் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஐந்து ரூபாய் நாணயம் தாராளமாக நுழைந்தது. கழற்றிப் பார்த்தால், ஸ்குரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளக் பாதி பூச்சிலும் பாதி செங்கல் இடுக்குச் சாந்திலும் உட்கார்ந்திருந்தது. டிரில் போடும்போது கொட்டும் தூளைக் கவனித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முதலில் சாம்பல் நிறம் வரும், அது பூச்சு. அப்புறம் சிவப்பாக மாறினால் செங்கல். கடைசிவரை சாம்பலாகவே வந்தால் இடுக்கில் இறங்குகிறது. ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளக் நிற்காது, அதற்கென்று இருக்கும் ஆங்கரைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஹூட்டைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டின் உயரத்தையும் யாரும் யோசிப்பதில்லை. ஹூட் 8 கிலோ, அதன் பாரம் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் நிற்கிறது என்று வையுங்கள். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 4 அங்குலம்தான் என்றால், மேல் போல்ட்டுகளைப் பிடுங்கி இழுப்பது 24 கிலோ. அந்த இடைவெளியை ஓர் அடியாக்கினால் 8 கிலோதான். போல்ட்டின் தடிமனைக் கூட்டுவதைவிட இது லாபம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் டிரில்லைக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே வயர் ஓடும்.

பலகை விஷயத்தில் மலிவைப் பார்த்து, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். வாங்கினால், கீழ் விளிம்பு டீயில் நனைத்த பன் மாதிரி உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, நீர் தாங்கும் மரைன் பிளைவுட் வாங்கி, அறுத்த ஓரங்களுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடியுங்கள். ஸ்குரூவும் கீலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தங்க நிறத்தில் மினுக்கும் ஸ்குரூ துருப்பிடித்து, அந்தத் துரு தண்ணீரில்தான் சொட்டும்.

எல்.இ.டி. சூடாகாது என்று நம்பிப் பெட்டியை நாலு பக்கமும் அடைப்பது இன்னொரு தவறு. சூடு உள்ளேயே நின்றால் வெளிச்சம் சீக்கிரம் மங்கும். மேலே காற்றுத் துளை விடுங்கள், எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் டிரைவரை ஹூட்டுக்கு வெளியே வையுங்கள். வயர், சாக்கெட்டுக்குக் கீழே ஒரு முறை தொய்ந்து, பிறகு மேலேறி நுழைய வேண்டும். வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. அந்த லைனுக்கு இல்லாமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

உயரம் உங்கள் கையைப் பொறுத்தது. வலையோடு முழங்கை உள்ளே போக வேண்டும். ரொம்ப ஏற்றினால் சோபாவில் உட்காருபவர் கண் கூசும், முன்பலகையைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். துள்ளும் மீன் இருந்தால் தொட்டிக்குத் தனியாகக் கண்ணாடி மூடி வேண்டும், ஹூட் அதைத் தடுக்காது. லைட்டை டைமரில் 6 முதல் 8 மணி நேரத்துக்கு வையுங்கள், இல்லாவிட்டால் பாசி பிடித்துக்கொள்ளும்.

சுவர் வேலையைத் தொட்டியில் நீர் நிரப்பும் முன்பே முடித்துவிடுங்கள். மூன்றடித் தொட்டி, ஒன்றரை அடி அகலமும் உயரமும் என்றால் கிட்டத்தட்ட 190 லிட்டர். அப்புறம் அதை அசைக்க முடியாது, சிமென்ட் தூளும் தண்ணீரில் விழும். இரண்டாவது ஹூட்டுக்கு பிராக்கெட் அடித்ததும், ஹூட்டின் எடையைப்போல் இரண்டு மடங்கு அரிசிப் பையை அதில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டேன். “இது மீனுக்கா, ரேஷனுக்கா?” என்று வீட்டில் கேட்டார்கள்.