கேட் சாத்தியிருந்த அந்த இரண்டு நிமிடம்: மேசை மேல் ஒரு ரயில் பாதை கட்டுவது எப்படி?

எங்கள் ரப்பர் தோட்டத்து மண்சடக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனுக்குப் போகும் வழியில், கம்பிச்சடக்கு, அதாவது ரயில் பாதை, குறுக்கே ஓடும். அங்கே ஒரு கேட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது அப்பாவின் சைக்கிள் முன்கம்பியில் நான் உட்கார்ந்திருப்பேன். கேட் சாத்தியிருந்தால் எனக்குக் கொண்டாட்டம். அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்பார். ரயில் இன்னும் கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளம் மட்டும் மெல்ல முனக ஆரம்பிக்கும்.

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்மய இரட்டைத் தண்டவாளம் 2014-ல் முடிந்தது. அந்த வேலையோடு எங்கள் கேட்டும் போய்விட்டது, இப்போது அங்கே மேம்பாலம்தான். அந்த இடத்தை நான்கடிக்கு இரண்டடிப் பலகையில் திரும்பக் கட்டியிருக்கிறேன். இதுவரை எதையுமே கட்டிப் பார்க்காதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. செய்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த இடம், எந்த மாதம், நீங்கள் எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கமிருந்து ரயில் வந்தது? "ஈப்போ ஸ்டேஷன் முழுவதையும் கட்டப்போகிறேன்" என்று தொடங்கியவர்கள் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேட், ஒரு வளைவு, ஒரு சின்னப் பாலம் போதும்.

என் தாளில் இருந்தது இதுதான்: மார்ச் மாதம், ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் நேரம், கேட்டுக்குத் தெற்கே நான், வடக்கிலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி.

அளவு

மலாயாவின் முதல் ரயில் 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அப்போதே தண்டவாள அகலம் 1,000 மி.மீ., அதாவது மீட்டர் கேஜ். நம் கே.டி.எம். ரயில்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. கடையில் கிடைக்கும் மாடல்களில் தொடக்கக்காரருக்கு 'என்' (N) அளவுதான் சரி. அதில் தண்டவாள அகலம் 9 மி.மீ. ஜப்பானிய 'என்' மாடல்கள் 1:150 அளவில், அதாவது நிஜத்தைவிட 150 மடங்கு சிறிதாக வருகின்றன. கணக்குப்படி பார்த்தால் நம் மீட்டர் கேஜ் அந்த அளவில் 6.7 மி.மீ. இருக்க வேண்டும். ஆகவே தண்டவாளம் கொஞ்சம் அகலமாகத் தெரியும், ஆனால் மரமும் புல்லும் வந்த பிறகு அது கண்ணை உறுத்தாது.

பலகை

9 மி.மீ. பிளைவுட்டில் நான்கடிக்கு இரண்டடித் துண்டு ஒன்று. அடியில் ஒன்றுக்கு இரண்டு அங்குலச் சட்டம் அடியுங்கள், நடுவிலும் ஒரு குறுக்குச் சட்டம். வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் இரண்டு கை வார்னிஷ் பூச வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பூசாத பலகை வளையும், பலகை வளைந்தால் ரயில் தடம் புரளும். கரையானுக்கும் அது ஒரு தடை.

தண்டவாளம்

ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் என்னும் பொருத்து தண்டவாளம் வாங்குங்கள். ஜல்லியோடு சேர்ந்தே வரும், சொடுக்கினால் மாட்டிக்கொள்ளும். 249 மி.மீ. ஆரம் கொண்ட 45 பாகை வளைவுகள் எட்டு, 248 மி.மீ. நேர்த்துண்டுகள் நான்கு. இவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 102 செ.மீ. நீளமும் 52 செ.மீ. அகலமும் உள்ள நீள்வட்டம் வரும். பலகையில் தாராளமாக உட்காரும். கிளைப்பாதை இப்போது வேண்டாம்.

வளைவு இறுக்கமானது, அதனால் குட்டையான எஞ்சினும் குட்டையான பெட்டிகளும்தான் பொருந்தும். நான் டிஇ10 என்ற சின்ன ஜப்பானிய டீசல் எஞ்சினையும் ஆறு டேங்கர் பெட்டிகளையும் வாங்கினேன். பெட்டிகளுக்குப் பழுப்பு நிறம் பூசி, செம்பனை எண்ணெய் வழிந்த கறையை மேலே இழுத்துவிட்டேன். மொத்த ரயிலும் பாதையின் நீளத்தில் கால்பங்குக்குள் இருக்கட்டும். இல்லாவிட்டால் தன் வாலையே துரத்துவது போல இருக்கும்.

மின்சாரம்: இதைக் கவனமாகப் படியுங்கள்

ரயிலுக்குப் போவது 12 வோல்ட் நேர்மின்சாரம். ஒரு தண்டவாளம் கூட்டல், இன்னொன்று கழித்தல். இரண்டையும் மாற்றினால் ரயில் பின்னால் போகும். இரண்டரை மீட்டர் பாதைக்கு ஓர் இடத்தில் ஒயர் கொடுத்தால் போதும்.

ஆனால் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230 முதல் 240 வரை. நான் நேரே ஜப்பானிலிருந்து வரவழைத்த அடாப்டரைப் பின்பக்கம் படிக்காமல் சுவரில் செருகினேன். ஒரு நொடியில் கருகிய வாடை வந்தது. நல்லவேளை, பிளக் பாயிண்டோடு போயிற்று. அடாப்டரில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் செருகலாம். '100' மட்டும் இருந்தால் வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

பாதி ரயிலை மறையுங்கள்

இதுதான் எனக்கு மிகவும் முக்கியம். கேட்டில் நின்ற நேரத்தில் பெரும்பகுதி ரயில் இல்லாத நேரம். காத்திருப்பு இல்லாமல் ரயில் சுற்றிக்கொண்டே இருந்தால் அது பொம்மை. ஆகவே பலகையின் நடுவில் நீளவாக்கில் 15 செ.மீ. உயரத்துக்கு 3 மி.மீ. பிளைவுட் தடுப்பு ஒன்றை நிறுத்துங்கள். இரு முனையிலும் ரயில் நுழைய 5 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் ஓட்டை வெட்டி, அவற்றை மரங்களால் மூடுங்கள். தடுப்பின் முன்பக்கம் மேலே வெளிர்நீலம், கீழே போகப்போக வெள்ளை. காலை நேரத்து மூட்டம் அப்படியே வரும்.

ரப்பர் மரம்

1:150 அளவில் 30 செ.மீ. தடிமனுள்ள மரம் 2 மி.மீ. ஆகும். வீட்டுத் தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சி அடிப்பக்கம் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, சாம்பல் நிறம் பூசி, ஆங்காங்கே வெள்ளைத் திட்டு வையுங்கள். உச்சியில் மெல்லிய செம்புக்கம்பியை முறுக்கிக் கிளை விடலாம். பழைய பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைப் பொடியாக நறுக்கி, செம்மஞ்சளும் பழுப்பும் கலந்த பெயிண்டில் பிரட்டிக் காயவைத்து, பசை தடவிய கிளையில் தூவுங்கள். மார்ச் மாதத்து மரத்துக்கு இலை கொஞ்சம்தான், வேலையும் குறைவு. மரத்துக்கு மரம் 3 செ.மீ., வரிசைக்கு வரிசை 5 செ.மீ. நேர்வரிசை தவறினால் அது காடாகிவிடும், தோட்டமாக இருக்காது.

முன்வரிசை மரங்களில் பால் எடுக்கும் வெட்டுக்கோடு போடுங்கள். நான் கூரான பென்சிலால் நாற்பது மரத்துக்கும் போட்டு முடித்து அம்மாவிடம் காட்டினேன். இருபத்தைந்து வருஷம் பால் வெட்டியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "டேய், கோடு மாறிப் போயிருக்கு. இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே இறங்கணும். அப்பத்தான் பால் நல்லா வரும்" என்றார். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக இல்லாமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அம்மா சொன்ன பக்கமாக வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். எல்லாவற்றையும் அழித்து மறுபடி வரைந்தேன். கோட்டின் கீழ்முனையில் ஊசிமுனையால் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் மங்கு, பால் வடிந்து விழும் கிண்ணம்.

மண், கேட், அப்பா

செம்மண்ணை வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். வறுப்பது எறும்பு முட்டைக்காக. பிறகு ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மண்மேல் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஒட்டிவரும் இரும்புத்துகளை விட்டுவைத்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் கலந்து, பலகையில் தடவி, மண்ணைத் தூவுங்கள். தண்டவாளத்தின் மேல் பசை படவே கூடாது.

கேட்டுக்குத் தீக்குச்சி போதும், சிவப்பும் வெள்ளையும் பட்டை. சைக்கிள் சக்கரம் 4 மி.மீ. கம்பி வளையம். ஆள் உயரம் 11 மி.மீ. அப்பாவின் ஒரு காலைத் தரையில் ஊன்ற வைக்க எனக்கு மூன்று மாலை ஆயிற்று.

ஓட்டுவது

ஓட்டும் முன் மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் தண்டவாளத்தைத் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு தங்கும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கூட்ஸ் வண்டி நம் அளவில் நொடிக்கு 7.4 செ.மீ. நகரும். நம் பாதை 256 செ.மீ. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 35 நொடி. கைக்கடிகாரத்தை வைத்துப் பழகுங்கள். முதல் நாள் எல்லோரும் பத்து நொடியில் சுற்றிவிடுவார்கள்.

சரி, இப்போது ரயிலைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்துங்கள். கேட்டைச் சாத்துங்கள். நாற்காலியைத் தெற்குப் பக்கம் போட்டு, கண் பலகை மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். ஒரு நிமிடம் எதையும் தொடாதீர்கள். பிறகு வேகக் கட்டுப்பாட்டுக் குமிழை மெல்லத் திருப்புங்கள். முதலில் சத்தம்தான் வரும்.