காமிக்ஸ் தொடருக்கு நாள் குறிப்பது எப்படி?

சொந்தமாக ஒரு காமிக்ஸ் தொடரைத் தொடங்க நினைக்கும் எழுத்தாளரும் ஓவியரும் முதல் நாள் பேச்சிலேயே முடிவு செய்துவிடும் ஒன்று, இதழ் மாதாமாதம் வர வேண்டும் என்பது. நாயகனின் பெயர் அப்போது முடிவாகியிருக்காது, கதை எங்கே நடக்கிறது என்பதும் தெரிந்திருக்காது. ஆனாலும் அது மாத இதழ் என்பதில் இருவருக்கும் ஐயம் இராது. இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது கடினமில்லை. ராணி காமிக்ஸ் 1984 முதல் 2005 வரை மாதம் இருமுறை வந்தது. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸையும் கடையில் காத்திருந்து வாங்கியவர்களுக்கு, அடுத்த இதழ் என்றால் அடுத்த மாதம் என்பதே மனத்தில் பதிந்த கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய செலவு சேர்க்கப்படவில்லை என்பதைப் புதிதாகத் தொடங்குபவர் முதலில் உணர வேண்டும். அவ்விதழ்களில் வந்தவற்றுள் பெரும்பாலானவை வெளிநாடுகளில் முன்பே வரைந்து முடிக்கப்பட்ட கதைகள். முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962 முதல் தொடராக வந்தவர். தமிழுக்கு அவர் வந்து சேரப் பத்து ஆண்டுகள் ஆயின. உரிமை வாங்குவதும், மொழிபெயர்ப்பதும், பாத்திரங்களின் பேச்சைக் காட்டும் பலூன்களில் எழுத்தை அடக்குவதும் எளிய வேலைகள் அல்ல என்றாலும், ஒரு பக்கத்தை வெறுந்தாளிலிருந்து வரைந்து முடிக்க ஆகும் நேரம் அந்தப் பதிப்பாளர்களின் தலையில் விழவில்லை. ஆகவே மொழிபெயர்ப்பு இதழ்களின் வேகத்தைப் பார்த்துச் சொந்தப் படைப்புக்கு நாள் குறிப்பது, அடுத்தவர் வீட்டு அடுப்பில் கொதிக்கும் உலையைப் பார்த்து நம் வீட்டில் இலை போடுவதைப் போன்றது.

ஒரு தொடரின் இடைவெளியை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன. ஓவியரின் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது ஒன்று; வாசகரின் நினைவு எவ்வளவு காலம் தாங்குகிறது என்பது மற்றொன்று. முதலாவது இடைவெளியின் கீழெல்லையையும், இரண்டாவது அதன் மேலெல்லையையும் காட்டும். இரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்த பிறகே அறிவிப்பை எழுத வேண்டும்.

கையின் வேகத்தை அளப்பதற்கு ஊகம் உதவாது. முதல் இதழின் கதையிலிருந்து எட்டுப் பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை அச்சுக்குப் போகும் நிலை வரை முடித்துப் பாருங்கள். கதையின் தொடக்கப் பக்கங்களை இதற்கு எடுக்கக் கூடாது. அவை எப்போதும் ஆர்வத்தில் வேகமாக முடிந்துவிடும். நடுவிலிருந்து, கூட்டம் நிறைந்த கடைத்தெருக் காட்சி ஒன்று, அறைக்குள் இருவர் பேசிக்கொண்டேயிருக்கும் காட்சி ஒன்று, சண்டைக் காட்சி ஒன்று எனக் கலந்து எடுங்கள். பென்சில் கோடு, மை, வண்ணம், எழுத்து ஆகிய ஒவ்வொரு படிக்கும் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஓவியர் பகலில் வேறு வேலை பார்ப்பவராக இருந்தால் அந்த வேலையோடு சேர்த்தே அளக்க வேண்டும். விடுப்பு எடுத்து வரைந்து பெற்ற வேகம் பின்னால் நம்மைக் காப்பாற்றாது.

எட்டுப் பக்கங்களின் படங்கள் முடிய ஐந்து வாரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 24 பக்க இதழுக்குப் பதினைந்து வாரம் ஆகும். காய்ச்சல், வீட்டுத் திருமணம், கணினி பழுது ஆகியவற்றுக்காக அதில் கால் பங்கைக் கூட்டினால் ஏறத்தாழப் பத்தொன்பது வாரம் வருகிறது. எழுத்துப் பதிப்பு, மெய்ப்பு, அச்சு ஆகியவற்றுக்கு மேலும் மூன்று வாரம் வேண்டும். ஆனால் இந்த மூன்று வாரத்தை ஒவ்வோர் இதழுக்கும் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, ஏனெனில் முதல் இதழ் அச்சகத்தில் இருக்கும்போதே ஓவியர் இரண்டாம் இதழைத் தொடங்கிவிடலாம். எல்லாப் படிகளின் கூட்டுத்தொகை முதல் இதழ் எப்போது வரும் என்பதை மட்டுமே சொல்லும். அதற்குப் பின் வரும் இடைவெளியை முடிவு செய்வது, எல்லாவற்றிலும் மெதுவாக நடக்கும் படி. இந்த எடுத்துக்காட்டில் அது பத்தொன்பது வாரம், அதாவது நான்கரை மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு இரண்டு இதழ் உறுதி, மூன்றாவது ஆசை. அறிவிப்பில் உறுதியை மட்டும் எழுதுங்கள்.

இந்தக் கணக்கைக் கண்டு மனம் சோர்பவர்கள், வேகமாக வரும் தொடர்களுக்குப் பின்னால் எத்தனை கைகள் உள்ளன என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதைக்கு 20 முதல் 22 பக்கங்கள் இருக்கும்; வேலை நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்பது அதன் பொருள். அதுவும் பென்சில் ஒருவர், மை ஒருவர், வண்ணம் ஒருவர், எழுத்து ஒருவர் எனப் பிரித்துச் செய்து எட்டும் வேகம். அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகமான டிசி நிறுவனம் 2006 மே மாதம் முதல் ஓராண்டுக்கு வாரந்தோறும் ஓர் இதழ் என 52 இதழ்களைத் தவறாமல் கொண்டுவந்தபோது, நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதினார்கள். பக்க அமைப்பை ஒருவர் வகுத்துக் கொடுக்க, ஓவியர்கள் மாறி மாறி வரைந்தார்கள். ஜப்பானிய வார இதழ்களில் ஓர் அத்தியாயத்துக்கு இருபது பக்கம் அளவில் தருபவர்கள் உதவியாளர்களை வைத்துக்கொண்டே அதைச் செய்கிறார்கள்; அப்படியும் 1998-இல் தொடங்கிய ஹன்டர் எக்ஸ் ஹன்டர் தொடர், அதன் படைப்பாளியின் உடல்நிலை காரணமாக ஆண்டுக்கணக்கில் நின்று நின்று வருகிறது.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர் இன்னும் தெளிவான சான்று. 1948-இல் இத்தாலியில் பிறந்த அவரது மாத இதழில் கதைக்கு மட்டும் 110 பக்கங்கள் உள்ளன. ஒரே ஓவியர் மாதத்துக்கு 110 பக்கம் வரைய முடியாது. வெவ்வேறு ஓவியர்களிடம் வெவ்வேறு கதைகள் ஒரே நேரத்தில் பல மாதங்கள் வரையப்பட்டுக்கொண்டிருக்க, முடிந்தது முறைப்படி வெளிவருகிறது. நாயகனின் முகம் கதைக்குக் கதை சற்று மாறித் தெரிவதை வாசகர் ஏற்றுக்கொண்டால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். உங்கள் தொடரின் உயிரே ஓர் ஓவியரின் கோட்டில்தான் இருக்கிறது என்றால், இந்த வழி உங்களுக்கு மூடியது.

இனி வாசகரின் நினைவு. தினத்தந்தியில் 1960 முதல் வரும் கன்னித்தீவைப் படிப்பவர் நேற்றைய சில கட்டங்களை நினைவில் வைத்திருந்தால் போதும். அதனால்தான் அது 20,000 நாட்களையும் கடந்து முடிவில்லாமல் நீள முடிகிறது. பழைய பிரிட்டிஷ் வார இதழ்த் தொடர்களைத் தொகுப்பாகப் படித்தவர்கள், சில பக்கங்களுக்கு ஒருமுறை நாயகன் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்புவதைக் கவனித்திருப்பார்கள். சலிப்பூட்டும் பழக்கமாக அது இன்று தோன்றலாம். உண்மையில் அது வார இடைவெளி கதையின் மீது விட்டுச் சென்ற தழும்பு. இடைவெளி மாறினால் கதையின் உள்ளமைப்பும் மாறியாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நடைமுறையில் நான் பின்பற்றும் அளவு இது. மாதம் ஒருமுறை வரும் கதையை உச்சக்கட்டத்தில் அறுத்து நிறுத்தலாம். மூன்று மாத இடைவெளி என்றால், தொடரும் பெரிய மர்மம் பின்னணியில் இருக்கட்டும். அந்த இதழில் எழுந்த சிக்கல் அந்த இதழிலேயே தீர வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும் என்றால், கதை முழுமையாக முடிந்துவிடுவது நல்லது. பிரெஞ்சுக் காமிக்ஸான ஆஸ்டெரிக்ஸின் புதிய ஆல்பங்கள், அதாவது ஒரு முழுக்கதை அடங்கிய நூல்கள், 2013 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒன்றாக அக்டோபர் மாதங்களில் வருகின்றன. முந்தைய ஆல்பத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் நினைவுகூர வேண்டியதில்லை. இதற்கு விலக்காக, தமிழில் இரத்தப் படலம் என்று பெயர் பெற்ற, XIII என்ற எண்ணையே பெயராகக் கொண்ட நாயகனின் தொடரில் முதல் சுற்று 1984 முதல் 2007 வரை 19 ஆல்பங்களாக ஒரே மர்மத்தை இழுத்துச் சென்றது. நினைவை இழந்த நாயகனின் கதையை, ஓராண்டு ஈராண்டு இடைவெளிகளுக்கிடையே நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு வாசகருக்கு! அத்தகைய பிடிமானமுள்ள கதை கையில் இருப்பதாக நம்புபவர் அதைச் செய்து பார்க்கலாம். முதல் தொடரில் வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டு அளவுகளும் பொருந்தாமல் போவதே வழக்கம். கை நான்கரை மாதம் கேட்கும். கதையோ ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்காது. அப்போது பலரும் இடைவெளியைக் குறுக்கிவிட்டு ஓவியரின் தூக்கத்தில் கை வைக்கிறார்கள். அதற்குப் பதிலாகப் பக்கங்களையும் வெளியிடும் முறையையும் மாற்றுங்கள். அச்சகத்தில் ஃபாரம் என்று சொல்லும் 16 பக்கங்களுக்குள் ஓர் அத்தியாயத்தை அடக்கினால், மேலே கண்ட ஓவியருக்கே பதின்மூன்று வாரத்தில் ஓர் இதழ் முடிந்துவிடும். அது காலாண்டிதழ் ஆகிறது. மூன்று ஃபாரம் சேர்த்து 48 பக்கத்தில் முழுக்கதையாக ஆல்பம் கொண்டுவந்தால், அது ஏறத்தாழ ஒன்பது மாத வேலை. ஆண்டுக்கு ஒன்று என்று துணிந்து அறிவிக்கலாம். இருவர் மட்டுமே உள்ள குழுவுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த ஆண்டு ஆல்பத்தைத்தான். தொடராகவே வர வேண்டும் என்று விரும்புபவர்கள், நான்கு இதழ்களை முழுவதுமாக வரைந்து முடித்துக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, பிறகு மாதம் ஒன்றாக நான்கு மாதம் வெளியிட்டு, அடுத்த சுற்று வரை வெளிப்படையாக ஓய்வு அறிவிக்கலாம். 2012-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடரான சாகா இவ்வாறு சுற்றுச் சுற்றாகவே வருகிறது. 2018 ஜூலையில் 54-ஆம் இதழோடு அறிவித்துவிட்டு நின்ற அது, 2022 ஜனவரியில் 55-ஆம் இதழோடு திரும்பியபோது வாசகர்கள் காத்திருந்தார்கள்.

இணையத்தில் வாரம் இரண்டு பக்கமாக வெளியிட்டுப் பின்னர் நூலாக்குவதும் நல்ல வழியே. எட்டு வாரத்துக்கான பக்கங்கள் கையிருப்பில் இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சற்றுக் கவனம் தேவை. ஆண்டின் கடைசி மாதங்களில் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டி, டைரி வேலையில் மூழ்கியிருக்கும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி வரும். எனவே புத்தகக் காட்சிக்கான இதழை அக்டோபர் தொடக்கத்திலேயே அச்சகத்தில் சேர்ப்பது பாதுகாப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கான தொடரைத் தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் தொடங்க வேண்டாம். மே விடுமுறை இருக்கிறது. அஞ்சல் செலவையும் பாருங்கள்: 48 பக்கத்தை ஒரே உறையில் அனுப்புவதற்கும், மூன்று மெல்லிய இதழ்களாக மூன்று முறை அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு, சில நூறு பிரதிகள் அச்சிடும் பதிப்பாளரின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு நான் நடத்திய தொடர் ஒன்றை மாத இதழ் என்று அறிவித்து ஓராண்டுச் சந்தாவும் வாங்கினோம். மூன்றாம் இதழ் ஏழு மாதம் கழித்து வந்தது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்ட வாசகர்கள், ஆண்டு முடிந்ததும் சந்தா என்ன ஆனது என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து சந்தாவை ஓராண்டுக்கு என்று வாங்காமல், நான்கு இதழ்களுக்கு என்று எண்ணிக்கை வைத்தே வாங்குகிறோம். பின் அட்டையில் அடுத்த இதழ் வரும் மாதத்தை அச்சிடுவதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறோம்: அந்த இதழின் கடைசிப் பக்கம் மையிட்டு முடிந்திருந்தால் மாதத்தைப் போடுவோம், முடியாவிட்டால் அந்த இடத்தில் அதன் அட்டைப்படம் மட்டும் இருக்கும்.