கடைமடையில் சம்பாவைக் காப்பது எப்படி?

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடையில் எங்கள் நிலம். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கிற தண்ணீர், ஊர் ஊராகப் பாய்ந்து கடைசியில்தான் எங்களை எட்டும். ஐப்பசியில் பெய்கிற மழையோ, மேலே இருக்கும் வயல்களையெல்லாம் நிறைத்துவிட்டு எங்கள் வழியாகவே கடலுக்குப் போகும். ஊர் திரும்பி அப்பாவின் நிலத்தைக் கையில் எடுத்திருக்கும் தம்பிமார்களும் தங்கைகளும் என்னிடம் வந்தால், வெள்ளத்துக்குப் பிறகு என்ன மருந்து அடிப்பது என்றுதான் கேட்கிறார்கள். என்றைக்கு விதைத்தீர்கள், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் தேதி. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கனமழை தொடங்கும்போது பயிர் தூர் கட்டி, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டு, முழங்கால் உயரமாவது நிற்க வேண்டும். பூ எடுப்பது மழை ஓய்ந்த பிறகு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். சி.ஆர். 1009 போன்ற 155 நாள் நெல் ரகத்தை ஆகஸ்ட் நடுவில் விதைத்தால் தை முதல் வாரத்தில் அறுவடை. அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்கழித் தொடக்கத்தில் பூ. தண்ணீர் தாமதமாகி செப்டம்பர் வந்துவிட்டதா? நீண்டகால ரகத்தில் பிடிவாதம் வேண்டாம், 135 நாள் ரகத்துக்கு மாறுங்கள். செப்டம்பர் கடைசியில் நேரடி விதைப்புச் செய்தால், முதல் பெருமழையின்போது பயிர் விரல் உயரம்தான் இருக்கும். அது மூழ்கினால் மீள்வது கடினம்.

பள்ளமான வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 நல்ல தேர்வு. சாதாரணப் பயிர் மூழ்கினால் மேலே வரத் துடித்து வேகமாக நீளும். சேர்த்துவைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப் 1 ரகமோ வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காத்துக்கொண்டு, சுமார் இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் அரையடி, ஓரடி தேங்கி நிற்கும் வயலுக்கு இந்தக் குணம் பெரிதாக உதவாது. அங்கே வடிகால்தான் வழி.

வடிகால் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். உங்கள் வரப்பிலிருந்து வடிவாய்க்கால் சேரும் இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் எங்கே அடைத்திருக்கின்றன, சாலைக்குக் கீழே போகும் குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். மதகின் பலகை ஏறி இறங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது ஆற்று முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இது அதிகம். புயல் சின்னமும் அதே நாட்களில் வந்தால் வெள்ளம் கூடுதலாக நிற்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வடிவாய்க்காலே நிரம்பித் ததும்பும்போது இன்ஜின் வைத்து இறைப்பது டீசலுக்குப் பிடித்த கேடு. இறைத்த தண்ணீர் சுற்றிக்கொண்டு அடுத்த மடை வழியாகத் திரும்பிவிடும். வாய்க்கால் மட்டம் இறங்கிய பிறகு இறையுங்கள்.

வரப்பை வெட்டிவிடும் முன் கீழ்வயல்காரரிடம் சொல்லுங்கள். ராத்திரியில் யாரும் அறியாமல் வெட்டி, வருடக்கணக்கில் பேச்சில்லாமல் போன பங்காளிகளை எனக்குத் தெரியும். மழைக்கு முன்பே ஊரில் உட்கார்ந்து, யார் வயல் முதலில் வடிய வேண்டும் என்று பேசிவைப்பது நல்லது.

தண்ணீர் இறங்கியதும் உடனே உரம் போடாதீர்கள். வயலின் நடுவே நான்கைந்து இடங்களில் ஒவ்வொரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் கொத்தாக நிற்கும் பயிரை, பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மண் மூச்சுத் திணறியிருக்கிறது. வயலை இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். தண்டின் அடியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே குருத்து வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பேறிக் குழைந்திருந்தால் அந்தக் குத்து போய்விட்டது. தூர் அதிகமுள்ள குத்துகளைப் பிரித்து அந்த இடத்தில் நடுங்கள். புது வேர் வெள்ளையாக எட்டிப் பார்க்கும் சமயம், ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழி தெளிக்கலாம். பிறகு மேலுரமாக 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள்.

பயிர்க் காப்பீட்டை மழை பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று இருக்க வேண்டாம். சம்பாவுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். அடங்கல் (என்ன பயிர் செய்திருக்கிறீர்கள் என்பதற்கான சான்று), சிட்டா (நில உரிமைச் சான்று), ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, கடைசி நாள் கூட்டத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். குத்தகைக்கு உழுபவர்களும் சேரலாம். அடங்கலுக்காக அவர்கள் அலைவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை, நில உரிமையாளர்கள் ஒரு வார்த்தை சொல்லி உதவ வேண்டும். அறுத்துக் காயப்போட்ட கதிர் 14 நாட்களுக்குள் மழையில் கெட்டாலும் இழப்பீடு கேட்கலாம். சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வது கட்டாயம்.

தை மாதமும் இப்போது நம்பிக்கைக்குரியதாக இல்லை. 2021 பொங்கல் சமயத்து மழையில் முற்றிய கதிர் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டது. 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அறுவடை நேரத்தில் மழை. எனவே கதிர் பழுக்கத் தொடங்கியதும் வயலை வடித்துவிடுங்கள். சேறு இறுகியிருந்தால் பெல்ட் பொருத்திய அறுவடை இயந்திரம் தாமதமின்றி இறங்கும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்பதால் தார்ப்பாய்களைக் களத்தில் தயாராக வைத்திருங்கள்.

அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளிப்பவர்கள் அந்த வாரத்து வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். காலடி பதிந்து, அதில் தண்ணீர் ஊறாமல் இருந்தால் அதுதான் தெளிக்கிற ஈரம். காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவித்திருந்தால் விதை வீட்டிலேயே இருக்கட்டும். நெல்லை முதலில் கரை சேருங்கள்.