மோடில் குறை கண்டால் எப்படிச் சொல்வது: ஸ்டார்டியூ வேலி ஆடுபவர்களுக்கு

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேமுக்கு முதன்முதலாக மோட் (ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் மாற்றம்) போட்ட வாரத்தில் நான் எழுதிய கமெண்ட் இது: "வேலை செய்யவில்லை. வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கவே மாட்டீர்களா?" ஒரு மணி நேரத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். ராத்திரிதான் தெரிந்தது, கன்டென்ட் பேட்சர் என்ற அடிப்படை மோடை நான் நிறுவவே இல்லை. அது இல்லாமல் அந்த மோட் ஓடாது என்று பக்கத்தின் மேலேயே எழுதியிருந்தது. அந்த அசட்டுத்தனத்துக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறைதான் கீழே.

முதலில், தப்பு யார் பக்கம்?

கேமோடு சேர்ந்து, மோடுகளை ஏற்றும் ஸ்மாபி என்ற கருவியின் கருப்பு விண்டோ ஒன்று திறக்குமே, பலர் அதை எரிச்சலோடு மினிமைஸ் செய்துவிடுவார்கள். அதைப் படியுங்கள். சிவப்பு வரிகள் பிழைகள். எந்த மோடுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்பதையும் அதுவே சொல்லும். 2024 மார்ச்சில் கேமின் 1.6 பதிப்பு வந்தபோது பழைய மோடுகள் பல உடைந்தன. அதனால் பாதிப் புகார்கள் அப்டேட் செய்தாலே தீர்ந்துவிடும்.

அப்படியும் தீரவில்லையா? பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். முதலில் சேவ் ஃபைலை நகலெடுத்து வையுங்கள். சோதனையை ஒரு புதுப் பண்ணையில் செய்வது இன்னும் நல்லது. 40 மோடுகள் இருந்தால் 20ஐ மோட்ஸ் ஃபோல்டரை விட்டு வெளியே எடுங்கள். சிக்கல் போய்விட்டதா? வெளியே எடுத்த 20இல்தான் ஆள் இருக்கிறார். போகவில்லையென்றால் உள்ளே இருக்கிற 20இல். அப்புறம் 10, 5 என்று குறைத்துக்கொண்டே போனால் ஆறு சுற்றுக்குள் பிடித்துவிடலாம். கன்டென்ட் பேட்சர் மாதிரி மற்றவை சார்ந்திருக்கும் மோடுகளை மட்டும் எடுக்காதீர்கள், எடுத்தால் புதுக் குழப்பம்.

பிழையை எழுதுவது

எழுதுவதற்கு முன் மோட் பக்கத்தில் விளக்கம், மேலே ஒட்டிவைத்த பதிவு, பிழைப் பட்டியல் மூன்றையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். இல்லையென்றால் ஸ்மாபி எழுதிவைக்கும் பதிவான லாக் ஃபைலை எடுங்கள். விண்டோஸில் அது ஆப்டேட்டா ரோமிங்குக்குள் ஸ்டார்டியூவேலி, அதற்குள் எரர்லாக்ஸ் ஃபோல்டரில் இருக்கும். முழு லாக்கையும் கமெண்டில் கொட்டாதீர்கள், அதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. ஸ்மாபி தளத்தின் லாக் பக்கத்தில் ஏற்றினால் ஒரு லிங்க் கிடைக்கும், அது போதும்.

அப்புறம் நாலே வரி:

"கேம் 1.6, உங்கள் மோடின் கடைசிப் பதிப்பு. கோடை 4ஆம் நாள் பியரின் விதைக்கடைக்குள் நுழைந்ததும் திரை கருப்பாகிறது. மற்ற மோடுகளை எடுத்துவிட்டுப் புதுப் பண்ணையில் பார்த்தேன், அங்கேயும் அதே. லாக் லிங்க் இதோ."

இதில் "தயவுசெய்து" கூட இல்லை, கவனித்தீர்களா? இருந்தால் நல்லதுதான். ஆனால் மோடைச் செய்தவர், அதாவது மோடர், உட்கார்ந்து சரிசெய்யத் தேவையான எல்லாம் இதில் இருக்கிறது, அந்த மரியாதையே அவருக்குப் பெரிது.

பிழையில்லை, எனக்குப் பிடிக்கவில்லை

இங்கேதான் சண்டை வரும். மோட் சரியாக ஓடுகிறது, ஆனால் ஆட்டத்தின் சுவை கெடுகிறது. "பேலன்ஸே இல்லை, குப்பை" என்று எழுதினால் அவருக்கு என்ன புரியும்? கேமின் கணக்கை வைத்தே பேசுங்கள்:

"பார்ஸ்னிப் விதை 20 காசு, நாலு நாளில் 35க்கு விற்கிறது. உங்கள் பயிர் அதே நாலு நாளில் 400 தருகிறது. முதல் வாரத்திலேயே 2000 காசுப் பையை வாங்கிவிட்டேன், மீன்பிடிக்கவே போகவில்லை. விலையை மாற்ற மோடின் கன்ஃபிக் அமைப்பில் ஒரு வசதி வைக்க முடியுமா?"

கடைசி வாக்கியம் கோரிக்கை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கியவர் தொனியில் மட்டும் கேட்காதீர்கள். 2015 ஏப்ரலில் ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வும், ஸ்கைரிம் கேமைச் செய்த பெதஸ்டாவும் ஸ்கைரிம் மோடுகளை ஸ்டீமில் விற்க ஆரம்பித்து, விலையில் 25 சதவீதம் மோடருக்கு என்றார்கள். எதிர்ப்பில் சில நாளிலேயே கைவிட்டார்கள். ஸ்டார்டியூ மோடரோ இலவசமாகச் செய்பவர், அவரிடம் கடைக்காரரிடம் பேசுவது போலப் பேசினால் அவருக்குச் சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

மாடரேட்டர் கை வைத்தால்

திட்டியதற்காக மட்டும்தான் நீக்குவார்கள் என்றில்லை. மோடுகளைப் பகிரும் தளமான நெக்ஸஸ் மோட்ஸில் திருட்டுப் பிரதி பற்றிய பேச்சுக்கே தடை விழும். "கிராக் வெர்ஷனில் ஓடுமா?" என்று அப்பாவியாகக் கேட்டுத் தடை வாங்கியவர்கள் உண்டு. உங்கள் கமெண்ட் போய்விட்டால் அதையே மறுபடி ஒட்டாதீர்கள். எந்த விதி என்று மாடரேட்டருக்குத் தனிச் செய்தியில் ஒருமுறை கேளுங்கள். வேறொருவர் எல்லை மீறினால் ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிட்டு நகருங்கள். நீங்களே நாட்டாமை ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து விழும்.

மோடர் "மாற்ற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாரா? சரி, அது அவர் இஷ்டம். அது கன்டென்ட் பேட்சர் மோடாக இருந்தால் கன்டென்ட் ஜேசன் ஃபைலை நோட்பேடில் திறந்து, அந்தப் பயிரின் பிரைஸ் வரியில் 400ஐ 60 ஆக்கிச் சேமியுங்கள். உங்கள் கணினியில் அவ்வளவுதான் வேலை. அதை வெளியே பகிர வேண்டுமென்றால் மோட் பக்கத்தின் அனுமதிப் பகுதியைப் படித்துவிட்டு, அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.