டைட் எண்டைப் பின்தொடர்வது எப்படி? அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்களின் கண் பந்தைவிட்டு நகராது. ஆனால் பந்து கைமாறுவதற்கு முன்பே அந்த ஆட்டத்தின் பாதி முடிவாகிவிடுகிறது. அந்தப் பாதியைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்தால் போதும் என்பது என் உறுதியான எண்ணம். அவர்தான் டைட் எண்ட்: தாக்கும் அணியில் எதிராளியை மறிக்கவும் செய்வார், பந்தைப் பிடிக்கவும் செய்வார். அவர் எத்தனை பந்துகளைப் பிடித்தார் என்பதை மட்டும் வைத்து அவரை அளந்துவிடாதீர்கள். அவர் களத்தில் நிற்பதாலேயே தடுக்கும் அணி யாரை இறக்குவது என்று தெரியாமல் தடுமாறுகிறது. அவருடைய உண்மையான மதிப்பு அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது.

அடிப்படை விதி ஒன்று தெரிந்தால் போதும். தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். பந்தை ஏந்தி ஓடலாம், அல்லது முன்னோக்கி எறியலாம். இரண்டில் எது வரப்போகிறது என்பதை மறைப்பதே தாக்கும் அணியின் வேலை. அந்த மறைப்பின் நடுநாயகம் டைட் எண்ட்.

படி 1: ஆளைக் கண்டுபிடியுங்கள்

பந்துக்கு இருபுறமும் ஐந்து கனத்த ஆட்கள் குனிந்து நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபக்கமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டாக்கிள்கள். முன்னோக்கி எறியும் பந்து வழக்கமாக இவர்களுக்கு வராது. ஏதாவது ஒரு டாக்கிளின் தோளை ஒட்டினாற்போல் ஆறாவதாக ஒருவர் நிற்கிறார் என்றால், பெரும்பாலும் அவர்தான் டைட் எண்ட். ஏறத்தாழ ஆறே கால் அடி உயரம், 110 கிலோவை ஒட்டிய எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து லைன்மேன்களைவிட இளைத்தவர், ஓரத்தில் நின்று பந்தைப் பிடிக்க ஓடும் வைடு ரிசீவர்களைவிடப் பருத்தவர். 80 முதல் 89 வரையிலான எண்களை இவர்கள் அணிவது பழைய வழக்கம். டிராவிஸ் கெல்சிக்கும் ராப் கிரான்கோவ்ஸ்கிக்கும் 87, ஜார்ஜ் கிட்டிலுக்கு 85. விதி தளர்ந்துவிட்டதால் வேறு எண்களிலும் இவர்களைப் பார்க்கலாம்.

இங்கே பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. பந்து வைத்த கோட்டில் குறைந்தது ஏழு பேர் நிற்க வேண்டும். கோட்டில் நிற்பவர்களில் இரு முனைகளிலும் உள்ளவர்கள் மட்டுமே முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கத் தகுதி உடையவர்கள்; கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் அந்தத் தகுதி உண்டு. டைட் எண்டுக்கு வெளியே ஒரு வைடு ரிசீவரும் அதே கோட்டில் நின்றுவிட்டால், டைட் எண்ட் முனை என்ற தகுதியை இழந்துவிடுவார். அதனால்தான் அவர் பக்கத்தில் நிற்கும் வைடு ரிசீவர் கோட்டிலிருந்து ஓரடி பின்தள்ளி நிற்கிறார். அந்த ஓரடியைப் பார்க்கப் பழகிக்கொண்டால், யாருக்குப் பந்து போக முடியும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

படி 2: எண்ணுங்கள்

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். இதற்கு மட்டும் ஒரு முழு ஆட்டத்தைச் செலவிட்டாலும் தகும்.

பதினொரு பேரில் ஐந்து லைன்மேன்களையும், பந்தை எறியும் குவாட்டர்பேக்கையும் கழித்தால் மீதம் ஐந்து பேர். அந்த ஐவர் யார் யார் என்பதைச் சொல்ல இரண்டு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கிறது. முதல் இலக்கம் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகளின் எண்ணிக்கை, இரண்டாவது டைட் எண்டுகளின் எண்ணிக்கை. மீதி எல்லாம் வைடு ரிசீவர்கள். ஆக 11 என்றால் ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், மூன்று வைடு ரிசீவர்கள். 12 என்றால் ஒரு ரன்னிங் பேக், இரண்டு டைட் எண்டுகள், இரண்டு வைடு ரிசீவர்கள். 22 என்றால் ஒரே ஒரு வைடு ரிசீவர்தான் மிஞ்சுவார்.

தாக்கும் அணி ஆட்களை மாற்றினால், தடுக்கும் அணியும் மாற்றிக்கொள்ள நடுவர்கள் அவகாசம் தருவார்கள். 11 வரும்போது தடுக்கும் அணி வழக்கமாகத் தன் நடுவரிசையில் நிற்கும் கனத்த லைன்பேக்கர் ஒருவரை வெளியேற்றி, வேகமான ஐந்தாவது பின்வரிசைத் தடுப்பாளரை இறக்கும். இதற்கு நிக்கல் என்று பெயர். 12 வந்தால்தான் சிக்கல். இரண்டு டைட் எண்டுகளைப் பார்த்துக் கனத்த லைன்பேக்கர்களை இறக்கினால், தாக்கும் அணி அந்த டைட் எண்டுகளைப் பரவலாக நிறுத்தி, வேகம் குறைந்த லைன்பேக்கருக்கு எதிராகப் பந்தை எறியும். பந்து வரும் என்று பயந்து நிக்கலில் நின்றால், இரண்டு டைட் எண்டுகளும் அந்தச் சிறிய தடுப்பாளர்களை ஒதுக்கித் தள்ள, ரன்னிங் பேக் நடுவில் புகுந்து ஓடுவார். எதைத் தேர்ந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு.

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 2010 ஆட்டக்காரர் தேர்வில் கிரான்கோவ்ஸ்கி, ஆரன் ஹெர்னாண்டஸ் என்று இரண்டு டைட் எண்டுகளை ஒருசேர எடுத்தது. 2011 பருவத்தில் கிரான்கோவ்ஸ்கி 90 பந்துகளைப் பிடித்து, 17 டச் டவுன்களைப் (எதிரணியின் எல்லைக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) பிடித்தார். ஹெர்னாண்டஸ் 79 பந்துகளைப் பிடித்தார். ஒரே அணியின் இரண்டு டைட் எண்டுகள் இவ்வளவு பிடித்தது அவர்கள் திறமையால் மட்டுமல்ல. அவர்களுக்கு எதிராக யாரை நிறுத்துவது என்ற கேள்விக்கு அந்தப் பருவம் முழுவதும் எதிரணிகளிடம் நல்ல விடை இல்லை.

படி 3: முதல் அடியைப் பாருங்கள்

பந்து சென்டரின் கையை விட்டதும் டைட் எண்டின் முதல் அடி எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். உள்நோக்கி விழுந்தால், தனக்கு உள்ளே நிற்கும் தடுப்பாளரைப் பக்கவாட்டில் அமுக்கி, வெளிப்புற வழியைத் திறக்கிறார். வெளிநோக்கி விழுந்தால், முனையில் நிற்கும் தடுப்பாளரின் வெளித்தோளை எட்டிப் பிடித்து, ஓட்டக்காரர் அவரைச் சுற்றிப் போக வழி செய்கிறார். சில சமயம் அவர் கோட்டுக்குப் பின்னாலேயே மறுபக்கம் ஓடி, அங்கே யாரும் தொடாமல் விடப்பட்ட முனைத் தடுப்பாளரை மோதி நிறுத்துவார். எல்லாரும் ஒரு திசையில் நகர, இவர் ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் போவதால் லைன்பேக்கர்களின் கண் ஒரு கணம் குழம்பும். சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியில் பயிற்சியாளர் கைல் ஷானஹன் இதை ஓயாமல் பயன்படுத்துகிறார். 2018 பருவத்தில் 1,377 யார்டு எடுத்த ஜார்ஜ் கிட்டில், தனக்குப் பந்தே வராத டவுன்களிலும் எதிராளியைத் தரையில் கிடத்தும்வரை விடமாட்டார். என்னைக் கேட்டால், அவருடைய மறிப்பு ஆட்டங்கள் பிடிப்புகளைவிடப் பார்க்கத் தகுந்தவை.

மறிக்கத் தெரியாத டைட் எண்டைத் தடுக்கும் அணி வைடு ரிசீவராகவே நடத்தும். அவருக்கு எதிராக நிக்கலை இறக்கிவிட்டு நிம்மதியாக இருக்கும். இரண்டாவது படியில் சொன்ன சிக்கல் முழுவதும் மூன்றாவது படியில்தான் நிற்கிறது.

படி 4: மறிப்பவர் போல நின்று நழுவுவது

முதல் சில டவுன்களில் டைட் எண்ட் மறித்துக்கொண்டே இருப்பார். லைன்பேக்கர்கள் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் பாயப் பழகிவிடுவார்கள். பிறகு ஒரு டவுனில் அதே நிலை, அதே முதல் அடி. குவாட்டர்பேக் ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதுபோல் கையை நீட்டுவார், கொடுக்கமாட்டார். லைன்பேக்கர்கள் முன்னால் வந்துவிட்டதால் அவர்களுக்குப் பின்னால் காலியிடம். மறிப்பை விட்டு நழுவிய டைட் எண்ட் அங்கே தனியாக நிற்பார். பிளே ஆக்‌ஷன் என்பது இதுதான்.

அவர் ஓடும் பாதைகளில் மூன்றை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாறு யார்டு ஓடித் திரும்பி நிற்பது ஸ்டிக். தடுப்பாளர் தன்னை ஒட்டியே வந்தால் வெளிப்பக்கம் விலகுவார், தடுப்பாளர்கள் அவரவர் பகுதியைக் காத்து நின்றால் இடைவெளியில் அப்படியே நின்றுவிடுவார். நேராகக் களத்தின் நடுவே ஏறிப்போவது சீம். தடுக்கும் அணியின் கடைசி வரிசையில் நிற்கும் இரண்டு சேஃப்டிகள் அகலமாக விலகி நிற்கும்போது இது கொல்லும். களத்தைக் குறுக்கே கடப்பது கிராஸ்.

தடுப்பைப் படித்து ஓடும் வழியை அந்த நொடியில் முடிவு செய்வதில் கெல்சிக்கு இணையாக ஒருவரை நான் பார்த்ததில்லை. 2022 ஜனவரி 23 அன்று பஃபலோ பில்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தது. மிச்சம் 13 நொடிகள். டைரீக் ஹில் 19 யார்டு எடுத்தார். அடுத்த பந்தில் கெல்சி நடுவே ஏறி 25 யார்டு எடுத்தார். ஹாரிசன் பட்கர் 49 யார்டிலிருந்து உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றிக்கான டச் டவுனைப் பிடித்தவரும் கெல்சிதான், 42-36. கடிகாரத்தை நிறுத்தும் இடைநிறுத்தங்கள் சீஃப்ஸ் கையில் இருந்ததால் அவர்களுக்குக் களத்தின் நடுப்பகுதியும் பயன்பட்டது.

களத்தின் முனையில் டச் டவுன் எடுக்கும் பகுதியான எண்ட் ஸோனை நெருங்கிவிட்டால் ஓட இடமில்லை. அங்கே உடம்பே கருவி. தடுப்பாளரை முதுகுக்குப் பின்னால் வைத்து, உயரத்தில் பந்தைப் பறிப்பது கூடைப்பந்து வித்தை. டோனி கொன்சாலஸ் கல்லூரியில் இரண்டு ஆட்டங்களையும் ஆடியவர். அன்டோனியோ கேட்ஸ் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து மட்டுமே ஆடினார். கல்லூரிக் கால்பந்தே ஆடாமல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து 116 டச் டவுன்களைப் பிடித்தார்.

படி 5: சின்ன வேலைகள்

குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் முனைத் தடுப்பாளரைத் தோளால் ஒரு இடி இடித்துவிட்டு ஓடுவது சிப். அரை நொடிதான் தாமதிக்கிறது, ஆனால் குவாட்டர்பேக்குக்கு அந்த அரை நொடி பெரிது.

ஆட்டம் தொடங்கும் முன் டைட் எண்ட் பக்கவாட்டில் நடந்து இடம் மாறினால், எதிரே யார் கூடவே நகர்கிறார் என்று பாருங்கள். ஒருவர் துரத்தி வந்தால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். யாரும் வராமல் தடுப்பாளர்கள் சற்றே நகர்ந்து நின்றால் பகுதிக் காவல். குவாட்டர்பேக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படி 6: ஒரு முழுத் தாக்குதலைப் பிரித்துப் பாருங்கள்

2019 பிப்ரவரி 3, அட்லாண்டா, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். பேட்ரியாட்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் நான்காவது கால்பகுதியில் 3-3 என்று நின்றார்கள். பேட்ரியாட்ஸ் இரண்டு ரன்னிங் பேக்குகள், இரண்டு டைட் எண்டுகள், ஒரே ஒரு வைடு ரிசீவர் என்று 22-ஐ இறக்கியது. இது ஓடுவதற்கான கூட்டம் என்று யாருக்கும் தோன்றும். ராம்ஸும் கனத்த ஆட்களை இறக்கியது. பிறகு பேட்ரியாட்ஸ் அந்த ஐவரையும் களத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தியது. குவாட்டர்பேக் டாம் பிரேடியின் அருகில் ஒருவரும் இல்லை. ராம்ஸ் லைன்பேக்கர்கள் பழக்கமில்லாத திறந்தவெளிக்கு இழுக்கப்பட்டார்கள்.

கிரான்கோவ்ஸ்கிக்கு 18 யார்டு. ஜூலியன் எடல்மனுக்கு 13. ரெக்ஸ் பர்க்ஹெட்டுக்கு 7. மீண்டும் கிரான்கோவ்ஸ்கி, நடுவே ஏறி, தடுப்பாளர்கள் சூழ்ந்து நிற்க விழுந்து பிடித்தது 29. பந்து 2 யார்டு கோட்டில். அங்கிருந்து சோனி மிஷெல் ஓடி நுழைந்தார். ஐந்து டவுன்கள், 69 யார்டு. 13-3 என்று முடிந்த அந்தப் போட்டியின் ஒரே டச் டவுன் அது.

இந்த ஐந்து டவுன்களையும் இணையத்தில் தேடி இரண்டு முறை பாருங்கள். முதல் முறை கிரான்கோவ்ஸ்கியை மட்டும். இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டு ராம்ஸ் லைன்பேக்கர்களின் கால்களை மட்டும்: எங்கே நிற்பது என்று தெரியாமல் அவர்கள் எத்தனை முறை இடம் மாறுகிறார்கள், எடல்மனுக்கு 13 யார்டு கிடைத்த நேரத்தில் அவர்களில் யாருடைய பார்வை கிரான்கோவ்ஸ்கி பக்கம் இருந்தது என்று கவனியுங்கள். களத்தில் உள்ள 22 பேரையும் உயரத்திலிருந்து காட்டும் கோணம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வழக்கமான ஒளிபரப்பில் சேஃப்டிகள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள்.