பிரெஞ்சும் அரசியலும் சேர்த்துப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சும் அரசியலும் சேர்ந்த பட்டப்படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். மூன்றாம் ஆண்டில் பலர் பிரான்ஸுக்குப் போய், சியான்ஸ் போ போன்ற அரசியல் கல்விக் கழகத்திலோ ஒரு பல்கலைக்கழகத்தின் சட்டப் புலத்திலோ சேர்கிறார்கள். முந்தைய ஆண்டு மாணவர்கள் விழுந்த அதே குழியில் புதிதாக வருகிறவர்களும் விழுகிறார்கள். ஆங்கிலம் பேசும் அறைத்தோழர்களோடு மட்டும் சுற்றுவது, ஆண்பால் பெண்பால் குழப்பம் இவையெல்லாம் ஊரறிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடலாம்.

தீசெர்த்தாசியோனை ஆங்கிலக் கட்டுரை போல எழுதுவது

பிரெஞ்சுத் தேர்வுகளில் எழுதும் வாதக் கட்டுரைக்குத் தீசெர்த்தாசியோன் என்று பெயர். அதிக மார்க்கைத் தின்பது இந்தத் தவறுதான். 20க்கு 7 வாங்கிய மாணவர் முதலில் ஓடுவது இலக்கணப் புத்தகத்தைத் தேடித்தான். விடைத்தாளின் ஓரத்தைப் பார்த்தால் ஆசிரியர் இலக்கணத்தைப் பற்றி அதிகம் எழுதியிருக்க மாட்டார், 'பிளான் எங்கே?', அதாவது வாதத்தின் பகுதிப் பிரிப்பு எங்கே என்று கேட்டிருப்பார். அதைப் படிக்காமல் இன்னொரு மாதம் வினைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்து, அடுத்த தேர்விலும் அதே 7 வாங்குவதைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

தீசெர்த்தாசியோனின் அமைப்பு கறாரானது. முன்னுரை, இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு உட்பகுதிகள். முன்னுரைக்குள்ளும் வரிசை உண்டு: தலைப்புக்குள் இழுத்துச் செல்லும் ஒரு நிகழ்வு அல்லது மேற்கோள், தலைப்பிலுள்ள சொற்களுக்கு வரையறை, கால எல்லை, பிறகு ப்ரொப்ளெமாதிக் எனப்படும் மையக் கேள்வி, கடைசியில் பிளானை அறிவிக்கும் வரி. 'நான் இக்கட்டுரையில் வாதிடப்போவது' என்று தொடங்கினால் அங்கேயே திருத்துபவரின் முகம் சுளிக்கும். 'நான்' கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஐந்தாம் குடியரசின் ஜனாதிபதி நடுவரா, கேப்டனா?' என்பது பழகிய தலைப்பு (ஐந்தாம் குடியரசு என்பது பிரான்ஸின் இன்றைய ஆட்சி அமைப்பு). புதியவர் எழுதுவது இரண்டு விதம். ஒன்று, து கோல், மித்தெரான், மக்ரோன் என்று ஆளுக்கொரு பத்தி. அது வரலாற்றுச் சுருக்கம். மற்றொன்று, முதல் பகுதியில் நடுவர், இரண்டாவதில் கேப்டன், முடிவில் 'இரண்டும்தான்'. அது பட்டிமன்றம்.

தேறும் பிளான் இப்படிப் போகும். முதல் பகுதி: அரசியல் சாசனம் நடுவரை வரைந்தது, நடைமுறை கேப்டனை உருவாக்கியது. அதன் முதல் உட்பகுதியில் 5ஆம் பிரிவு ஜனாதிபதிக்குத் தரும் நடுவர் பொறுப்பும், நாட்டின் கொள்கையைத் தீர்மானிப்பது அரசாங்கம் என்னும் 20ஆம் பிரிவும். அடுத்ததில் 1962 பொதுவாக்கெடுப்பு கொண்டுவந்த நேரடித் தேர்தல். இரண்டாம் பகுதி: கேப்டன் பதவி தேசிய சபையின் பெரும்பான்மையைப் பொறுத்தது. இங்கே 1986, 1993, 1997 ஆண்டுகளில் தொடங்கிய மூன்று கொஅபித்தாசியோன்களும் (ஜனாதிபதி ஒரு அணி, பிரதமர் எதிரணி என்று ஆட்சி நடந்த காலங்கள்), 2000 பொதுவாக்கெடுப்பில் பதவிக்காலம் ஏழிலிருந்து ஐந்தாண்டாகக் குறைந்ததும் ஓர் உட்பகுதி. 2022இல் அறுதிப் பெரும்பான்மை போனதும், 2024 ஜூனில் சபையைக் கலைத்ததும், அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று பிரதமர் பார்னியேவின் அரசாங்கம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்ததும் இன்னொன்று. 1962இல் பிரதமர் பொம்பிதூவின் அரசாங்கம் விழுந்த பிறகு ஓர் அரசாங்கம் அப்படி விழுந்தது அதுவே முதல் முறை. தகவல்கள் புதியவரிடமும் இருந்தவைதான். ஒவ்வொரு உட்பகுதியும் அடுத்ததைக் கேட்டு வாங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்கு மணி நேரத் தேர்வில் முதல் ஒன்றரை மணி நேரம் கச்சாத்தாளுக்கு. பிளான், முழு முன்னுரை, முழு முடிவுரை மூன்றும் அங்கேயே எழுதப்பட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாக எழுதும் முடிவுரையைப் போல மார்க்கைக் கெடுப்பது வேறில்லை. இரண்டு மணி நேரம் விடைத்தாளில். மிச்ச அரை மணி பிழை பார்க்க. உட்தலைப்புகளைத் தாளில் எழுதலாமா கூடாதா என்பது துறைக்குத் துறை மாறும். சட்டப் புலத்தில் எழுதுவார்கள், அதுவும் வினைச்சொல் இல்லாத தலைப்பாக. முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

மார்க்கை ஐந்தால் பெருக்குவது

20க்கு 14 என்பது 70 சதவீதம் அல்ல. அங்கே அது 'நன்று'.

மூன்றாம் ஆண்டு பாடங்களை மட்டும் எடுப்பது

ஊரில் இரண்டு ஆண்டு முடித்தாயிற்று, அதனால் அங்கேயும் மூன்றாம் ஆண்டுப் பாடம்தான் என்று பதிவு செய்கிறார்கள். சட்டப் புலங்களில் அரசியல் சாசனச் சட்டம் பெரும்பாலும் முதலாண்டிலேயே முடிந்துவிடும். வாக்கெடுப்பு இல்லாமல் மசோதாவை நிறைவேற்ற அரசாங்கத்துக்கு வழிதரும் சாசனப் பிரிவான 49.3 என்றால் என்னவென்று அதற்குமேல் யாரும் நின்று விளக்க மாட்டார்கள். ஒரு முதலாண்டுப் பாடத்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்தப் பல்கலைக்கழகம் ஒப்புமா என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். முழுப் பருவத்துக்கு 30 கிரெடிட்.

இன்னொன்று: பெரிய அரங்கில் நடக்கும் விரிவுரைக்குப் போகாவிட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தே.தே. எனப்படும் சிறு வகுப்பில் வருகை எடுப்பார்கள். காரணமில்லாமல் விடுப்பெடுத்தால் தேர்வு எழுதும் முன்பே அந்தப் பாடம் போய்விடலாம்.

எக்ஸ்போஸேயை வாசிப்பது

எக்ஸ்போஸே என்பது வகுப்பில் வாய்மொழியாகச் செய்யும் உரை. பத்து நிமிடம் என்றால் பத்து. தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள்.

விசா

நீண்டகால மாணவர் விசாவில் வருகிறவர்கள், வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிசெய்ய வேண்டும்.

செய்தியை மட்டும் கேட்டுப் பழகுவது

பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்து அள்ளியவர்களும், டெல்ஃப் பி2 என்னும் பிரெஞ்சு மொழித்திறன் தேர்வில் தேறியவர்களும் நாடாளுமன்ற விவாதத்தில் திணறுவார்கள். செய்தி வாசிப்பவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். எதிர்க்கட்சி உறுப்பினர் கூச்சலுக்கு நடுவே பேசுவார். தேசிய சபையில் அரசாங்கத்திடம் கேட்கும் கேள்வி நேரம் இதற்கு நல்ல பயிற்சி. கேள்விக்கு இரண்டு நிமிடம், பதிலுக்கு இரண்டு நிமிடம்தான். ஒரு கேள்வியை மூன்று முறை கேட்டு எழுதுங்கள், பிறகு சபையின் தளத்தில் வரும் முழு நடவடிக்கைக் குறிப்போடு ஒப்பிடுங்கள். இடைமறிப்புகள்கூட எந்தக் கட்சி வரிசையிலிருந்து வந்தன என்று அதில் பதிவாகியிருக்கும். பேச்சை அது கொஞ்சம் செப்பனிட்டே அச்சிடும் என்பதால், ஒரு சொல் பொருந்தாவிட்டால் உங்கள் காதைச் சந்தேகிக்கும் முன் ஒலியை இன்னொரு முறை கேளுங்கள்.